கத்தியை எப்போ தீட்டுனே?

நான் செய்த முதல் தோல் பெல்ட்டைக் கையில் வாங்கியதும் தோல் வேலை மாஸ்டர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டுப் பின்பக்கத் தையலைப் பார்த்தார். அப்புறம் விளிம்பின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் மெதுவாக இழுத்தார். மூன்று இடத்தில் நகம் தட்டி நின்றது.

"கத்தியை எப்போ தீட்டுனே தம்பி?"

நான் போனது வேறு விஷயத்துக்கு. விளிம்பில் பளபளப்பு வரவில்லை, எந்த மெழுகு போட்டால் வரும் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேள்வி அவர் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மெழுகைப் பற்றி மறுபடியும் கேட்டேன். அவரும் மறுபடியும் கத்தியைப் பற்றியே கேட்டார். தீட்டவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். பெல்ட்டை என்னிடமே கொடுத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு விளங்க ஏழெட்டு மாதம் ஆனது. தோல் வேலையில் பிழை கண்ணில் படும் இடம் ஒன்று, அது நடந்த இடம் வேறு. இரண்டுக்கும் நடுவில் நாலைந்து வேலைகள் முடிந்திருக்கும். விளிம்பில் தெரிவது வெட்டும்போது நடந்தது. சாயத்தில் தெரிவது பசை தடவும்போது நடந்தது. பர்ஸ் மூட மறுத்தால் அதன் காரணம் அட்டையில் படம் வரைந்த அன்றைக்கே நடந்து முடிந்திருக்கும். பளபளப்பு என்பது கடைசியில் மேலே பூசும் ஒன்று, அடியில் இருப்பதையெல்லாம் அது மூடிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில் அது பூதக்கண்ணாடி மாதிரி. அடியில் இருப்பதைப் பெரிதாக்கித்தான் காட்டும்.

கருவியில் ஆரம்பிக்கிறேன். என் செலவும் அங்கேதான் ஆரம்பித்தது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வதையே செய்தேன்: ஒரே பெட்டியில் முப்பது சாமான் இருக்கும் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். இன்றைக்கு அதில் ஆறு மிச்சம். நல்ல கத்தி ஒன்று, எஃகு அளவுகோல், விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் தையல் கோடு கீறக் கவராயம், ஓட்டை போடும் பல் உளி, கொட்டாப்புளி, மழுங்கிய முனை கொண்ட ஊசி இரண்டு. இவை இருந்தால் ஒரு பர்ஸ் முழுசாகச் செய்துவிடலாம். மற்றதெல்லாம் ஆசைக்கு.

கொட்டாப்புளியின் அருமை ஒரு உளியைக் கெடுத்த பிறகே தெரிந்தது. மரச்சுத்தியல் எதற்கு, வீட்டில் இரும்புச் சுத்தியல்தான் இருக்கிறதே என்று அதை எடுத்து அடித்தேன். இரும்பில் இரும்பு மோதி உளியின் தலை பூவாக விரிந்தது. போதாததற்குத் தோலுக்கு அடியில் கருங்கல் பலகையை வைத்திருந்தேன். உளி தோலைத் துளைத்துக்கொண்டு கல்லில் போய் முட்டியது. நாலு பல்லில் இரண்டின் கூர் போச்சு. கருங்கல் என்பது ஈரத்தோலில் அச்சுப் பதிக்கும்போது அடியில் வைக்க. ஓட்டை போட மரக்கட்டையோ தடித்த பிளாஸ்டிக் பலகையோ வேண்டும். கூர் போன உளியைக் கொண்டே அந்தப் பெல்ட்டை முழுவதும் தைத்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

தோல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நான் முதலில் வாங்கிய துண்டு மெத்தென்று, பளபளவென்று, கைக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. அதில் ஒரு இலை வடிவத்தைப் பதிக்கப் பார்த்தேன். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அச்சை வைத்து ஓங்கி அடித்தேன். இலை வந்தது. ஒரு மணி நேரத்தில் காணாமல் போனது. விளிம்பைத் தேய்த்தேன் தேய்த்தேன், பஞ்சு பஞ்சாகப் பிரிந்ததே தவிர மினுக்கம் வரவில்லை.

மாஸ்டர் விளிம்பை மட்டும் பார்த்தார். நடுவில் ஒரு சாம்பல் நீலம் ஓடியது. "இது குரோம் தோல். நீ பட்டைத்தோல் வேலையை இதுகிட்ட கேட்டா அது எப்படிச் செய்யும்?"

பட்டைத்தோல் என்று அவர் சொல்வது மரப்பட்டை, காய், இலை இவற்றின் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட தோலை. ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய் எல்லாம் இந்த வேலைக்குப் பழைய சரக்குகள். கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அதே சங்கதிதான்: துவர்ப்புச் சத்து எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறள்கிறது. தோலில் அது கொலாஜன் என்ற புரத இழைகளைப் பிடித்துக்கொண்டு அழுகாமல் காக்கிறது. பழைய முறையில் இதற்கு வாரங்கள், சில தோல்களுக்கு மாதங்கள் ஆகும். குரோமிய உப்பில் பதனிட முடியும் என்பதை 1858-இல் ஜெர்மானிய வேதியியலர் பிரெடரிக் நாப் விவரித்தார். 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய பிறகு அது தொழிற்சாலைகளுக்குப் பரவியது. மாதங்களில் நடந்த வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. இன்று உலகத்தில் உள்ள தோலில் பெரும்பகுதி குரோம்தான். மென்மை, நீர் தாங்குவது, வெந்நீருக்கும் சுருங்காதது என்று அதற்கும் நிறைய நல்ல குணம் உண்டு. ஆனால் ஈரமாக்கி வளைத்தால் வளைந்தபடி நிற்பது, அச்சைப் பிடித்துவைப்பது, விளிம்பைத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி இறுகுவது, இவையெல்லாம் பட்டைத்தோலின் குணங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பூச்சு இல்லாத பட்டைத்தோல் அதைக் குடித்துக் கருக்கும்.

ஒரே தோலிலும் எல்லா இடமும் ஒன்றில்லை. முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு. ஒரு பைக்குத் தோள்வாரை வயிற்றுப் பக்கத்தில் வெட்டினேன், அந்தத் துண்டு நீளமாக மிஞ்சியிருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. இரண்டு மாதத்தில் பை இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கிவிட்டது.

இனி கத்தி. மழுங்கிய கத்தியும் வெட்டும், அதுதான் ஆபத்து. வெட்டாமல் போனால் நிறுத்திவிடுவோம். அது தோலைத் தள்ளிக்கொண்டே, இழுத்துக்கொண்டே வெட்டும். கோடு அளவுகோலை ஒட்டிப் போனது போலத் தெரியும். ஆனால் வெட்டுமுகம் செங்குத்தாக இருக்காது, சாய்ந்திருக்கும். மூன்று தடவை இழுத்து வெட்டினால் மூன்று படி இருக்கும். அப்படி வெட்டிய இரண்டு அடுக்கை ஒட்டினால் விளிம்பில் ஒரு பள்ளம். அதை மணல்காகிதத்தால் தேய்த்து நிரவினால் விளிம்பு அலை அலையாகப் போகும். மாஸ்டரின் நகம் தட்டிய மூன்று இடமும் நான் கத்தியை எடுத்து மறுபடி வைத்த இடங்கள்.

இப்போது உட்கார்ந்ததும் முதல் வேலை தீட்டுவதுதான். 1000 எண் நுணுக்கத் தீட்டுக்கல்லில் கொஞ்சம், அதைவிட நுணுக்கமான 3000-இல் கொஞ்சம், கடைசியில் பச்சை நிற மெருகுக்கட்டி தேய்த்த தோல்வாரில் பின்பக்கமாக இருபது முப்பது இழுப்பு. தோல்வாரில் முன்பக்கமாகத் தள்ளினால் வார்தான் வெட்டுப்படும். அதையும் செய்து பார்த்தாயிற்று. நடுவே அரைமணிக்கு ஒரு தரம் வாரில் மட்டும் இழுத்துக்கொண்டால் கல்லுக்குப் போக வேண்டிய அவசியம் அன்றைக்கு வராது. என் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்பு கூரான கத்தி போட்டதில்லை. மழுங்கிய கத்தியை அழுத்தி இழுத்தபோது வழுக்கியது.

தையலைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் கையில் ஊசி இல்லாமல் சொன்னால் பாதி புரியாது. சுருக்கமாக: ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டும் எதிரெதிராகப் போகும். எந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் பிரிந்துகொண்டே போகலாம். இந்தக் கைத்தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்திருக்கும். நூல், தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு இருக்க வேண்டும். நான் முதலில் மூன்று மடங்கு எடுத்தேன். தோல் தடித்தது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு விரற்கடை மிச்சமிருக்கும்போது நூல் தீர்ந்தது. நடுவில் ஒட்டுப்போட்ட இடம் இன்றும் பெல்ட்டில் முடிச்சாகத் துருத்திக்கொண்டிருக்கிறது.

முன்பக்கம் சாய்வுக் கோடுகளாக அழகாக வந்து, பின்பக்கம் கோணல்மாணலாகப் போவது எல்லோருக்கும் வரும் வியாதி. எனக்கு இரண்டு காரணம் இருந்தன. ஒன்று, உளியைச் செங்குத்தாகப் பிடிக்காததால் பின்பக்கத்தில் ஓட்டைகள் கோட்டை விட்டு விலகியிருந்தன. மற்றது, எந்த ஊசி முதலில் போகிறது, இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை ஓட்டைக்கு ஓட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். எந்த வரிசையைப் பிடிக்கிறோம் என்பதுகூடப் பரவாயில்லை, பிடித்ததை மாற்றக் கூடாது. பேசிக்கொண்டே தைத்தால் மாறிவிடும். மாஸ்டர் தைக்கும்போது யார் வந்தாலும் பேச மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். கர்வம் என்று நினைத்திருந்தேன்.

பர்ஸ் கதை கொஞ்சம் வெட்கக்கேடு, ஏனென்றால் அது பள்ளிக்கூடக் கணக்கு. நடுவில் மடியும் பர்ஸ். வெளித்தோலையும் உள் அறைகளையும் ஒரே நீளத்தில் வெட்டித் தைத்தேன். மேசையில் விரித்து வைத்தால் அச்சில் வார்த்தது போல இருந்தது. மடித்துவிட்டுக் கையை எடுத்ததும் தானாகத் திறந்துகொண்டது. புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்தேன். எடுத்ததும் திறந்தது. மடிப்பில் வெளித்தோல் ஒரு பெரிய அரைவட்டம் போட வேண்டும், உள்தோல் சின்ன அரைவட்டம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை 3.14-ஆல் பெருக்கினால் வெளித்தோலுக்கு எவ்வளவு கூடுதல் நீளம் வேண்டும் என்று வந்துவிடும். 3 மி.மீ. தூரம் என்றால் ஏறக்குறைய 9 மி.மீ. கூடுதல். நான் கொடுத்தது சுழியம். தைத்து முடித்த பிறகு இதைச் சரிசெய்ய வழியே இல்லை. துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் போட்ட ஓட்டை போட்டதுதான்.

அந்தப் பர்ஸுக்கு அப்புறம் எதையும் முதலில் அட்டையில் வெட்டி, நாடா ஒட்டி, மடித்துப் பார்த்துவிட்டே தோலைத் தொடுகிறேன்.

சாயத்தில் எனக்கு நடந்த விபத்துகளை எழுதினால் அது ஒரு தனிக் கட்டுரை. பழுப்புச் சாயம் பூசிய ஒரு கார்டு உறையில் வெள்ளை வெள்ளையாக ஐந்து திட்டு. சாயத்தைக் குறை சொன்னேன், இன்னும் இரண்டு கை பூசினேன். சுற்றிலும் கறுத்ததே தவிர திட்டு திட்டாகவே இருந்தது. ஒட்டும்போது பசைக்கை பட்ட இடம் அது. பசை காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சாயத்தை உள்ளே விடாது. சாயம் போட்டதும்தான் என் விரல் அளவு துல்லியமாக வெளியே வந்தது. ஒட்டிவிட்டுச் சாயம் போடாமல், சாயம் போட்டுவிட்டு ஒட்டியிருந்தால் இந்த வம்பே இல்லை. பசை பிடிக்க வேண்டிய ஓரத்தை மட்டும் அப்புறம் சுரண்டிக்கொள்ளலாம். சுரண்டாமல் வழவழப்பான மேல்பக்கத்தில் பசை போட்டால் ஒரு மாதத்தில் உரிந்து வரும், அதுவும் நடந்தது.

எண்ணெய் இன்னொரு ஆசை. மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஒன்று உண்டு, தோலுக்கென்றே பேர்போனது. ஒரு கை தடவினேன், தோல் தேன் நிறத்துக்கு வந்தது. அழகு. இன்னொரு கை தடவினேன். உள்ளே இறங்கிப் பரவ ஒரு நாளாவது விட வேண்டும் என்று தெரியாது. மேலே காய்ந்தது போல இருக்கவே மூன்றாவது கையும் தடவினேன். மறுநாள் பெல்ட் ஈரச்சாக்கு மாதிரி தொங்கியது. வெள்ளைச் சட்டையில் இடுப்பைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் விழுந்தது. போட்ட எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆனால் என்னை நிஜமாகவே இந்த வேலைக்குள் இழுத்தது ஒரு கறை. அச்சுப் பதிக்கத் தோலை ஈரமாக்கி வைத்திருந்தேன். (முழுக்க நனைந்திருக்கும்போது அச்சுப் பதியாது. நிறம் பழையபடி வெளுக்கத் தொடங்கி, தொட்டால் மட்டும் குளிர்ச்சி இருக்கும் நேரம்தான் பதம். இதற்குக் கடிகாரம் உதவாது, கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.) நடுவில் யாரோ கூப்பிட, எஃகு அளவுகோலை அதன் மேலேயே விட்டுவிட்டுப் போனேன். காலையில் வந்து தூக்கினால் தோலில் கருநீலத்தில் ஒரு கோடு. துடைத்தால் போகவில்லை, சோப்புக்கும் போகவில்லை. பக்கத்தில் மணல்காகிதம் போட்டு உளியைத் தேய்த்ததில் பறந்த இரும்புத்தூள் வேறு புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது.

மாஸ்டருக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. "மை தயார் பண்ணியிருக்கே" என்றார். நிஜமாகவே மைதான். கடுக்காய்ச் சாற்றோடு அன்னபேதி சேர்த்தால் கறுப்பு மை வரும். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. துவர்ப்புச் சத்தும் இரும்பும் சந்தித்தால் கறுக்கும். என் தோல் முழுவதும் துவர்ப்பு, மேலே வைத்தது இரும்பு, நடுவில் ஈரம். எழுதாமலேயே எழுதியிருந்தேன். புதுக் கறையென்றால் எலுமிச்சைச் சாறு ஓரளவுக்கு வெளுக்கும், என்னுடையது பழசாகிவிட்டிருந்தது.

அதே வாரம் அந்தப் பிழையையே வேண்டுமென்று செய்யக் கற்றுக்கொண்டேன். எண்ணெய்ப் பசை கழுவிய இரும்புக் கம்பி நாரை வினிகரில் போட்டு, வாயு வெளியேறும்படி மூடியைத் தளர்த்தி ஒரு வாரம் வைக்க வேண்டும். இரும்பு கரைந்துவிடும். தெளிவை வடிகட்டித் தூரிகையால் பட்டைத்தோலில் தடவினால், தடவும்போது சாம்பல், மூச்சு விட்டு முடிப்பதற்குள் கருநீலம், அப்புறம் கன்னங்கரேல். சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி மிச்சப் புளிப்பை முறித்து, காய்ந்ததும் மிதமாக எண்ணெய் காட்ட வேண்டும். மேலே உட்கார்ந்திருக்கும் சாயமில்லை இது. இழையிலேயே நடந்த மாற்றம் என்பதால் சட்டையில் ஒட்டுவது மிகக் குறைவு. குரோம் தோலில் தடவிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. துவர்ப்பு இல்லாத இடத்தில் இரும்புக்கு வேலை இல்லை. எனக்கு இதுவரை அலுக்காத ஒரே வேலை இந்தக் கறுப்புப் போடுவதுதான்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரத்தோலை ஒரு டப்பாவின் மேல் இழுத்து உறை செய்தேன். சீக்கிரம் காயட்டும் என்று தலைமுடி உலர்த்தும் எந்திரத்தைப் பக்கத்தில் பிடித்தேன். ஈரமான பட்டைத்தோலில் சூடு 70, 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் இழைகள் சுருங்கிவிடும். டப்பாவை வெளியே எடுக்க உறையை வெட்ட வேண்டியதாயிற்று.

விளிம்புக்கு வருகிறேன், ஆரம்பித்த இடம் அதுதானே. ஒட்டிய இரண்டு அடுக்கையும் சேர்த்து ஒரே இழுப்பில் ஓரம் சீவுவது. இரண்டு பக்க முனையையும் மெல்லிய நார் போலச் சீவி எடுப்பது. 400, பிறகு 600 மணல்காகிதம். விளிம்புக்குச் சாயம். அப்புறம் விரலில் தொட்டுத் தடவும் அளவுக்குத் தண்ணீரோ கோந்துக் கரைசலோ, உடனே பள்ளம் வெட்டிய மரக்கோலால் வேகமாக, அழுத்தாமல் தேய்ப்பது. உராய்வின் சூட்டில் இழைகள் படிந்து இறுகும். தண்ணீர் அதிகமானால் விளிம்பு காளான் குடை மாதிரி விரியும். அழுத்தினால் மடங்கும். கடைசியில் தேன்மெழுகைத் தடவித் துணியால் தேய்த்தால் போதும். நான் அன்றைக்குக் கேட்டது இந்தக் கடைசி வரியை மட்டும்.

இப்போது இடுப்பில் இருப்பது மூன்றாவது பெல்ட். இரண்டாவதைக் கால்சட்டையில் எழுதியிருந்த எண்ணை நம்பி வெட்டினேன், கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை. பழைய பெல்ட் ஒன்றில் பக்கிள் மடிப்பிலிருந்து வழக்கமாகப் போடும் ஓட்டை வரை அளந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவதுதான் இப்போது பலகையில் ஒட்டிய தோல்வாராக மேசையில் கிடக்கிறது, தினமும் கத்தி அதன் மேல் ஓடுகிறது. மூன்றாவதை மாஸ்டரிடம் கொண்டுபோனேன். திருப்பினார், நகத்தை வைத்து இழுத்தார், எங்கேயும் நிற்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது பக்கிளுக்குப் பக்கத்தில் பின்பக்கத்தில் இருக்கும் நாலு தையலின் மேல் விரலை வைத்தார். நாலும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

"இங்கே யார் வந்தாங்க?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுப் பையன் வந்திருந்தான், மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு கேட்டு.